ஓணம் முடிந்து வந்தால் மெயிலைக் காணோம்

2024 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை காலை. மூன்று நாள் ஓண விடுப்பு முடிந்து கம்பத்திலிருந்து ஜீப்பில் மேலே போய்க்கொண்டிருந்தேன். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள், அவர்களுடைய தூக்குச்சட்டிகள், மடித்து வைத்த சாக்குகள், நடுவில் ஒடுங்கிக்கொண்டு நான். மலைப்பாதையில் பாதி தூரம் சிக்னல் இருக்காது. கம்பம்மெட்டு சோதனைச்சாவடி வந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. ஏழு மிஸ்டு கால். ஏழும் அலுவலகத்திலிருந்து.

திருப்பி அழைத்தேன். பில் போடுகிற சேச்சி எடுத்தார். "சேட்டா, மெயில் ஒண்ணும் காணானில்ல."

"எந்தக் கம்ப்யூட்டர்ல சேச்சி?"

"ஆத்யம் எடை கவுண்டர்ல. பின்னே புதுசுல போய் நோக்கி. அதிலும் இல்ல."

ஒரு கம்ப்யூட்டரில் மெயில் காணாமல் போவது எங்களுக்குப் பழக்கம்தான். பழைய கம்ப்யூட்டரிலும் புதுக் கம்ப்யூட்டரிலும் ஒரே காலையில் காணாமல் போனது என்றதும்தான் வயிற்றில் புளி கரைத்தது.

எங்களுடையது ஏலக்காய் வியாபாரம். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் கிடங்கும் அலுவலகமும் ஒரே கட்டடத்தில். முதலாளி கம்பத்துக்காரர். வேலை செய்கிற பதினொரு பேரில் பாதிப் பேர் என்னைப் போலக் கீழேயிருந்து ஏறி வருகிறவர்கள். மீதிப் பேர் நெடுங்கண்டம், கட்டப்பனைப் பக்கத்து மலையாளிகள். நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலையில் சேர்ந்ததில்லை. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒரு நாள் உருவிக் கொடுத்தேன், அன்றிலிருந்து சர்வர் வரை என் தலையில்.

இந்தத் தொழிலில் மெயில் இல்லாமல் அரை நாள் ஓட்டுவது கஷ்டம். புற்றடியிலும் போடியிலும் நடக்கிற இ-ஏலத்தின் லாட் (ஏலத்துக்கு வருகிற சரக்குத் தொகுதி) பட்டியல், வடக்கேயிருந்து வருகிற ஆர்டர், லாரிக்காரருக்கு இ-வே பில் எல்லாம் மெயிலில்தான். மலை இறங்கினால் போடி. ஆனால் நடுவில் மாநில எல்லை ஓடுவதால் அங்கே போகிற சரக்குக்கும் ஐஜிஎஸ்டி போட்டு பில் அடித்து நகலை அனுப்பியாக வேண்டும். செப்டம்பர் என்றால் காய் எடுப்பு சூடு பிடிக்கிற நேரம் வேறு. அந்த வருஷக் கோடையில் மழை பொய்த்து ஏலச்செடி வாடியதில் எல்லோரும் "எவ்வளவு வருது, எப்ப வருது" என்று கேட்டுக் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததைச் சொல்லும் முன் எங்கள் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் மீதி புரியாது.

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது. காய் வருகிற நாளில் பில் போடுகிற சேச்சி எடை கவுண்டருக்குப் போய்விடுவார். ஏல நாளில் இரண்டு பேர் புற்றடி போனால் அவர்கள் இடத்தில் வேறு இரண்டு பேர் உட்காருவார்கள். அதனால் முதலாளியின் அக்கா மகன், கொச்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர், 2015-இல் ஒரு சர்வர் வாங்கி வைத்து ரோமிங் புரொஃபைல் போட்டுக் கொடுத்தார். நீங்கள் எந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் நுழைந்தாலும் உங்கள் டெஸ்க்டாப்பும் அமைப்புகளும் சர்வரிலிருந்து இறங்கி வரும். வெளியேறும்போது மாற்றங்கள் சர்வருக்கு ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நாங்கள் மெயிலுக்குத் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளை வைத்திருக்கிறோம். விண்டோஸில் அது தன் சாமான் எல்லாவற்றையும் ஆப்டேட்டா என்ற கோப்புறையில் ரோமிங் என்ற பகுதிக்குள் வைக்கிறது. கடவுச்சொல், முகவரிப் புத்தகம் மட்டும் என்றால் பரவாயில்லை. இறக்கிய மெயில் மொத்தமும் அங்கேதான் இருக்கும். லாட் படங்களோடு வரும் மெயில்கள் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று ஜிபி ஆகிவிட்டது. காலையில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். மாலையில் வெளியேறும்போது மறுபடியும் அதே சுற்றல். ஜூன், ஜூலை மழையில் இந்தப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஏறிக்கொண்டிருக்கும்போது போனால் பாதி கோப்பு புதுசு, பாதி பழசு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விண்டோஸ் 7 தன் ரோமிங் புரொஃபைலின் பெயருக்குப் பின்னால் வி2 என்று ஒட்டும். விண்டோஸ் 10-இன் 2016-க்குப் பிந்திய பதிப்புகள் வி6 என்று ஒட்டும். சர்வரில் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புறை, ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. எங்களிடம் இரண்டு விண்டோஸும் கலந்து இருந்ததால், எடை கவுண்டரில் பார்த்த மெயில் அமைப்பு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரில் இருக்காது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக முதலாளியின் அக்கா மகன் 2018-இல் ஒரு காரியம் செய்தார். ரோமிங் பகுதியை ஏற்றி இறக்குவதை நிறுத்திவிட்டு, அது சர்வரிலேயே இருக்கட்டும், எல்லாக் கம்ப்யூட்டரும் அங்கேயே போய்ப் படிக்கட்டும் என்று திருப்பிவிட்டார். ஃபோல்டர் ரீடைரக்ஷன் என்பார்கள். நுழைவது வேகமானது. விண்டோஸ் 7-ஓ 10-ஓ, எதில் உட்கார்ந்தாலும் ஒரே மெயில். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம். அப்புறம் அவர் வெளிநாடு போய்விட்டார்.

அதன் பொருள் எனக்கு அப்போது முழுதாக உறைக்கவில்லை. ஒன்பது கம்ப்யூட்டரில் ஒன்பது தண்டர்பேர்ட், ஆனால் ஒரு ஆளுக்கு மெயில் கோப்புறை ஒன்றே ஒன்று. ஒன்பதும் ஒரே பதிப்பாக இருக்கும் வரைதான் அது சரிவரும்.

ஓணத்துக்கு முந்தின வாரம் இரண்டு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் 11. கொண்டுவந்த கடைப் பையன் கேட்டதையெல்லாம் போட்டுக் கொடுத்தான். தண்டர்பேர்டும் வேண்டும் என்றோம். இணையத்தில் அப்போது கிடைத்ததை இறக்கிப் போட்டான். கிடைத்தது 128-ஆம் பதிப்பு. அது ஜூலையில்தான் வெளியாகியிருந்தது. மற்றக் கம்ப்யூட்டர்களில் இருந்தது 115. விண்டோஸ் 7-க்கு அதுதான் கடைசி; 128 விண்டோஸ் 10-க்குக் கீழே ஏறவே ஏறாது. பையன் மேல் தப்பில்லை. எந்தப் பதிப்பு என்று சொல்ல வேண்டியவன் நான். நான் அன்று மாதக் கணக்கில் தலையை விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சேச்சி புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, "மெயில் எல்லாம் வந்நு சேட்டா" என்றார். சரி என்றேன். எல்லோரும் ஓணத்துக்குப் போய்விட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமையே காரியம் நடந்து முடிந்துவிட்டது. 128 சேச்சியின் கோப்புறையைத் திறந்து, தனக்கு வேண்டியபடி உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டது. போகிற போக்கில், கடைசியாக இதைத் திறந்தது இன்ன பதிப்பு என்று கம்பேட்டிபிலிட்டி.ஐஎன்ஐ என்ற சின்னக் கோப்பில் எழுதியும் வைத்தது. நோட்பேடில் திறந்தால் லாஸ்ட்வெர்ஷன் என்ற வரியில் யாரும் படிக்கலாம். செவ்வாய்க்கிழமை எடை கவுண்டரில், விண்டோஸ் 7-இல், 115 அதே கோப்புறையைத் திறக்கப் போனது. அந்த வரியைப் பார்த்தது. நின்றுவிட்டது.

நின்று ஒரு செய்தி காட்டியது: நீங்கள் பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள், இதைக் கொண்டு திறந்தால் இருப்பது கெட்டுப் போகலாம். கீழே இரண்டு பொத்தான். ஒன்று, புதிய புரொஃபைல் உருவாக்கு. இன்னொன்று, வெளியேறு. இந்தத் தடுப்பு 2019-இல் 68-ஆம் பதிப்போடு வந்தது. அதற்கு முன்னால் பழையது பேசாமல் திறக்கும், கெடுகிறது பேசாமல் கெடும். ஆக, மென்பொருள் சொன்னது நல்லதுதான். ஆனால் வாசலில் ஏலக்காய் மூட்டையோடு ஆள் நிற்கும்போது ஆங்கிலத்தில் நாலு வரி வந்தால் யார் படிப்பார்? "புதிய" என்று இருக்கிற பொத்தான் நல்ல பொத்தானாகத்தான் தெரியும். சேச்சி அதை அழுத்தினார். வெறும் திரை வந்தது, உங்கள் மெயில் முகவரியைச் சொல்லுங்கள் என்று.

பதறிப்போய்ப் புதுக் கம்ப்யூட்டருக்கு ஓடினார். அங்கேயும் வெறும் திரை.

இந்த இடம் எனக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. தண்டர்பேர்ட் எந்தக் கோப்புறையைத் திறக்க வேண்டும் என்பதை புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ என்ற கோப்பில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவலுக்கும், அது கம்ப்யூட்டரில் எந்தப் பாதையில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதை வைத்து ஒரு குறி உண்டு. அந்தக் குறிக்கு இன்ன கோப்புறை என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது ஒரே பாதையில் இருந்தது, ஆகவே ஒரே குறி. புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ-யும் சர்வரில் இருக்கிற அதே ரோமிங் பகுதிக்குள்தான். எடை கவுண்டரில் "புதிய" என்று அழுத்தியதும் அந்தக் குறிக்கு நேராக வெறும் கோப்புறையின் பெயர் ஏறிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரும் அதைப் படித்து, சொன்னபடி வெறும் கோப்புறையைத் திறந்து காட்டியது.

இதையே தலைகீழாக 2021-இல் ஒரு தடவை அனுபவித்திருக்கிறோம். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் 32-பிட் தண்டர்பேர்டை எடுத்துவிட்டு 64-பிட் போட்டேன். புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86 என்ற கோப்புறையில் இருந்தது வெறும் புரோகிராம் ஃபைல்ஸுக்கு மாறியது. பாதை மாறினால் குறி மாறும், குறி மாறினால் புதுக் கோப்புறை. அன்றும் "மெயில் போச்சு" என்று கூச்சல். போகவில்லை, வேறு அறையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றே ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கலாம். செய்யவில்லை.

அதனால் இதைப் படிக்கிற யாருக்காவது இது நடந்தால் முதலில் செய்ய வேண்டியது: கையைக் கட்டிக்கொள்வது. கணக்கைப் புதிதாக அமைக்காதீர்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தண்டர்பேர்டை மூடச் சொல்லுங்கள். பிறகு ரோமிங் பகுதிக்குள் தண்டர்பேர்ட், அதற்குள் புரொஃபைல்ஸ் என்று போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று கோப்புறை இருக்கும், முன்னால் எட்டு எழுத்து தாறுமாறாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் வலது சொடுக்கு போட்டு அளவைப் பாருங்கள். சேச்சிக்கு ஒன்று சில எம்பி, இன்னொன்று 2.6 ஜிபி. எதில் மெயில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வித்தை எதுவும் வேண்டாம். அதை அப்படியே ஒரு வெளி வட்டில் நகல் எடுத்துக்கொண்டு, தண்டர்பேர்டின் குறுக்குவழியில் (ஷார்ட்கட்), அதன் பண்புகளில் டார்கெட் என்ற இடத்தில் இருக்கிற பாதைக்குப் பின்னால் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஆங்கிலப் பெரிய பி எழுத்து சேர்த்துத் திறந்தால் எந்த புரொஃபைல் என்று அதுவே கேட்கும். பெரியதைத் தேர்ந்தெடுங்கள். கேட்கிற கம்ப்யூட்டர் புதிய பதிப்பு இருக்கிறதாக இருக்கட்டும்.

பத்தரை மணிக்கு சேச்சியின் மெயில் புதுக் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரன்.

எடை கவுண்டரிலும் மெயில் வேண்டும் என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 10-க்கு மாற்ற முடியாது. எடை இயந்திரத்தோடு பேசுகிற மென்பொருள் அதில் ஓடாது, செய்து கொடுத்தவர் இப்போது இல்லை. நான் தேடிப் பார்த்ததில் அலவ்-டவுன்கிரேடு என்று ஒரு கட்டளை இருப்பது தெரிந்தது. அதைக் குறுக்குவழியில் சேர்த்தால் தடுப்பு விலகிவிடும், பழைய பதிப்பு திறக்கும். சேர்த்தேன். திறந்தது. எல்லா மெயிலும் இருந்தது. பெருமையாக மற்ற விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களிலும் சேர்த்துவிட்டேன்.

புதன்கிழமை முழுக்க 128 திறக்கும், மூடும். 115 திறக்கும், மூடும். ஒவ்வொன்றும் மற்றது வைத்ததைத் தன் வசதிக்கு நகர்த்தி வைக்கும். ஒரே சமையலறையில் மாமியாரும் மருமகளும் ஷிஃப்ட் போட்டு அஞ்சறைப்பெட்டியை மாற்றி அடுக்கினால் எப்படி இருக்கும். வியாழக்கிழமை மதியம் சேச்சி கூப்பிட்டார். பட்டியலில் லாட் விலை என்று தலைப்பு இருக்கிறது. திறந்தால் உள்ளே கரண்ட் பில். அதற்கடுத்த மெயிலைத் திறந்தால் பாதியிலிருந்து தொடங்குகிறது.

இதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரில் உள்ள மெயில் எல்லாவற்றையும் ஒரே நீளமான கோப்பாக எழுதுகிறது. இன்பாக்ஸ் என்று பெயர் மட்டும் இருக்கும், பின்னால் புள்ளி வைத்து எதுவும் இருக்காது. நோட்பேடில் திறந்தால் மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்தாகவே தெரியும். எந்த மெயில் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை பக்கத்தில் எம்எஸ்எஃப் என்ற தனிக் கோப்பில். அட்டவணையும் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் தலைப்பு ஒன்று, உள்ளே வேறு. ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு, பண்புகள், அதில் ஃபோல்டரைப் பழுது பார் என்ற பொத்தான். அழுத்தினால் அட்டவணையைப் புதிதாக எழுதும். செய்தேன், சரியானது. வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே. கசிகிற கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதே வெள்ளிக்கிழமை இன்னொன்று. காலையில் உள்ளே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு கிடங்குக்குப் போன ஒருவர், அங்கே இருக்கிற கம்ப்யூட்டரிலும் நுழைந்தார். தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடுகிறது, பதில் சொல்லவில்லை என்று செய்தி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் அதே செய்தி. கோப்புறைக்குள் பேரண்ட்.லாக் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை முதல் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. இது எரிச்சலாக இருந்தாலும் நல்லதுக்கான பூட்டு. முன்பு ஏற்றி இறக்குகிற ஏற்பாடு இருந்த காலத்தில் இந்தப் பூட்டும் பயன்படாது. இரண்டு கம்ப்யூட்டரிலும் தனித்தனி நகல். கடைசியாக வெளியேறுகிறவருடைய நகல் மேலே ஏறி முந்தினவருடையதை மூடிவிடும்.

சனிக்கிழமை மாலை எல்லோரையும் அனுப்பிவிட்டு, முதலாளியிடம் ஞாயிறு முழுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். துணைக்குக் கிடங்குத் தம்பி, கூடலூர்க்காரர். அவரிடம்தான் மிச்சக் குண்டு இருந்தது.

"அண்ணே, செவ்வாக்கிழமை எனக்கும் அந்த மாதிரி வந்துச்சு. நீங்க பிஸியா இருந்தீங்கன்னு நானே எல்லாத்தையும் புதுசா செட் பண்ணிட்டேன்."

"ஆர்டர் மெயிலுமா?"

"ஆமாண்ணே. பழசுல எப்படி இருந்துச்சோ அப்படியே."

மற்ற முகவரிகளெல்லாம் ஐமேப். அதாவது மெயில் சர்வரில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருப்பது நகல். இங்கே என்ன பாழானாலும் மறுபடி இறங்கிவிடும். ஆர்டர் முகவரி மட்டும் 2009-இலிருந்து பாப்3, அதாவது மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்கிற முறை. மெயில்பெட்டி சின்னது என்பதால், இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும்படி அந்தக் காலத்தில் வைத்தது. தம்பி அதையும் விடாமல் அச்சு அசலாக அமைத்திருக்கிறார். செவ்வாய் முதல் சனி வரை வந்த ஆர்டர்கள் அந்தப் புதுக் கோப்புறையில் மட்டும். பதினைந்து வருஷத்து ஆர்டர்கள் பழைய கோப்புறையில் மட்டும். உலகத்தில் வேறெங்கும் இல்லை. திட்ட வாய் வரவில்லை. அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். பாப்3-ஐ இத்தனை வருஷம் விட்டு வைத்தது நான்.

இரண்டையும் சேர்ப்பது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. தண்டர்பேர்டை மூடிவிட்டு, புதுக் கோப்புறையிலிருந்த இன்பாக்ஸ் கோப்பை மட்டும் எடுத்தோம், எம்எஸ்எஃப்-ஐ எடுக்கவில்லை. ஓண-வாரம் என்று பெயர் மாற்றி, பழைய கோப்புறையில் மெயில் என்பதற்குள் இருக்கிற லோக்கல் ஃபோல்டர்ஸில் போட்டோம். திறந்ததும் ஓண-வாரம் என்று ஒரு ஃபோல்டர் பக்கவாட்டில் வந்து நின்றது, உள்ளே ஐந்து நாள் ஆர்டரும் இருந்தது. அட்டவணையை அதுவே எழுதிக்கொண்டது. அனுப்பிய மெயில்களுக்கும் அப்படியே. தம்பி அப்போதுதான் மூச்சு விட்டார்.

பிறகு பதினொரு பேருடைய கோப்புறையிலும் கம்பேட்டிபிலிட்டி.ஐஎன்ஐ-யைத் திறந்து, யார் 128-க்கு ஏறிவிட்டார்கள், யார் இன்னும் 115 என்று ஒரு தாளில் எழுதினோம். ஐந்து பேர் ஏறியிருந்தார்கள். திரும்ப 115-க்கு இறக்குவதா, எல்லோரையும் ஏற்றுவதா? இறங்குவதற்குச் சரியான வழி கிடையாது. நான் செய்த குறுக்குவழியின் லட்சணத்தைத்தான் பார்த்தோமே. ஏறுவது என்றால் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில் மெயில் கிடையாது. முதலாளிக்குப் போன் போட்டேன். "எடை போடுற எடத்துல மெயில் எதுக்குப்பா? பிரவுசர்ல பாத்துக்கச் சொல்லு" என்றார். ஆறு நாள் யோசித்ததற்கு அரை நிமிஷத்தில் தீர்ப்பு. ஆனால் 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோன விண்டோஸில் பிரவுசரைத் திறந்து இணையத்துக்கு விடுவதிலும் எனக்கு மனமில்லை. மூன்று கம்ப்யூட்டரிலிருந்து தண்டர்பேர்டை எடுத்துவிட்டு, எடை கவுண்டர் மேஜையில் மெயில் பார்க்க மட்டும் ஒரு பழைய விண்டோஸ் 10 மடிக்கணினியை வைத்தோம்.

மற்ற எல்லாவற்றிலும் 128-இன் ஒரே வெளியீடு, ஒரே 64-பிட், ஒரே பாதை. அதைவிட முக்கியமாக, மெயில் கோப்புறையை ரோமிங் பகுதியிலிருந்து வெளியே எடுத்தேன். ஆப்டேட்டாவுக்குள்ளேயே லோக்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது சர்வருக்குப் போகாது, ரோமிங் புரொஃபைலோடும் சுற்றாது. குறுக்குவழியில் புரொஃபைல் என்ற கட்டளையோடு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டால் தண்டர்பேர்ட் புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ-யைக் கேட்காது, நேரே அங்கே போகும். மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக், மெயில் நகலை வைக்கிற தன் ஓஎஸ்டி கோப்பை முதலிலிருந்தே லோக்கலில்தான் வைக்கிறது. அதன் இன்னொரு வகை மெயில் கோப்பான பிஎஸ்டி-யை நெட்வொர்க் வழியே திறப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அவர்கள் பட்டு அறிந்ததை நான் ஒரு ஓணத்தில் அறிந்தேன்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. ஒருவர் புதிய இருக்கைக்குப் போனால் முதல் தடவை கணக்கை அமைக்க வேண்டும், கடவுச்சொல் கொடுக்க வேண்டும், மெயில் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். பதினொரு பேர், ஆறு கம்ப்யூட்டர். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. ஐமேப் என்பதால் அனுப்பியது, படித்தது எல்லாம் எங்கே பார்த்தாலும் ஒன்றாகவே தெரிகிறது. வாரம் போனதும் யாரும் பேசவில்லை. ஆர்டர் முகவரியையும் அன்றே ஐமேப்புக்கு மாற்றி, மெயில்பெட்டியின் இடத்தைக் காசு கொடுத்துக் கூட்டினோம். பழைய பதினைந்து வருஷத்தை ஒரு வட்டில் போட்டு முதலாளி வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். முகவரிப் புத்தகம்தான் கொஞ்சம் படுத்தியது. அதை மெயில் சேவையிலேயே ஏற்றி, முகவரிகளைப் பகிர்கிற கார்ட்டாவ் என்ற முறை வழியாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் இணைத்த பிறகு சரியானது.

கடைசியாகத் தானியங்கிப் புதுப்பிப்பு. தண்டர்பேர்ட் நிறுவிய இடத்தில் டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒரு கோப்புறை செய்து, அதற்குள் பாலிசீஸ்.ஜேசன் என்ற கோப்பில் டிஸேபிள்ஆப்அப்டேட் என்பதை ட்ரூ என்று எழுதினால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. இதைச் செய்ய எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. புதுப்பிப்பு என்றால் பாதுகாப்பும்தான். அதனால் நிறுத்துவதோடு ஒரு வேலையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்: மாதத்தில் முதல் ஞாயிறு நானே மேலே வந்து எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் புதுப்பிப்பது. மாதக் கணக்கு முடிக்க எப்படியும் வருகிற நாள்தான். மெயில் கோப்புறைகள் தனித்தனியாக ஆன பிறகு பதிப்பு வேறுபட்டாலும் பழைய ஆபத்து இல்லை. ஆனாலும் ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இடது பக்கமும் இன்னொன்றில் வலது பக்கமும் இருந்தால் எனக்குத்தான் போன் வரும்.

2025 ஜூலையில் 140 வந்தது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு அதை ஏற்றினேன். நல்ல மழை, நாலாவது கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் தாங்கியது. திங்கட்கிழமை காலை ஜீப் கம்பம்மெட்டைத் தாண்டியதும் போனைப் பார்த்தேன். ஒரே ஒரு மிஸ்டு கால், சேச்சியிடமிருந்து. அழைத்தால், வருகிற வழியில் கடையில் பிரிண்டருக்கு ரிப்பன் கிடைக்குமா என்று கேட்கிறார்.